ஆலைக்கு முன் ஊர்: உளுந்தூர்பேட்டைக்கு ஒரு துணைநகரம்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவர் இந்த மாவட்டத்து மண்ணில் உழுது பிழைத்து, ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் எழுதி வைத்தவர். ஆண்டுதோறும் நடக்கும் சொற்பொழிவு ஊருக்குப் பயன்படும் பொருளில் அமையவேண்டும் என்பது அவருடைய விருப்பம் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். நகர் ஊரமைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தொழிற்பேட்டை ஒன்று வரும்போது அதன் பக்கத்தில் அரசு எப்படி ஒரு புதிய நகரை அமைக்கவேண்டும் என்பதைத்தான் இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். பொதுவாகப் பேசாமல், உளுந்தூர்பேட்டையை மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

1. இப்போது பேச வேண்டிய காரணம்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்வோர் சுமார் 13.7 லட்சம் பேர். நெல், கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம் ஆகியவையே பெரும்பாலோருக்குச் சோறு போடுகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இவற்றைத் தாண்டி, படித்து முடித்த பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுவதுதான் இங்கே வழக்கம்.

2023 ஏப்ரலில் இந்த நிலையை மாற்றக்கூடிய ஒரு செய்தி வந்தது. தைவானைச் சேர்ந்த பவ் சென் குழுமம், உளுந்தூர்பேட்டை சிப்காட் தொழிற்பூங்காவில் தோல் அல்லாத காலணி ஆலை அமைக்கத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. முதலீடு 2,302 கோடி ரூபாய். வேலைவாய்ப்பு 20,000 பேருக்கு. காலணித் தொழிலில் தையலும் ஒட்டுதலும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. செய்யாற்றிலும் பர்கூரிலும் நாம் அதைக் கண்டிருக்கிறோம். ஆகவே இங்கேயும் வேலைக்கு வரப்போகிறவர்களில் பெரும்பகுதி நம் வீட்டுப் பெண்பிள்ளைகளாகவே இருப்பார்கள்.

ஆலைக்கு நிலம், சாலை, மின்சாரம், தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரி பொறுப்பாக இருக்கிறார். அங்கே வேலை செய்யப்போகிற 20,000 பேர் எங்கே தூங்குவார்கள், பிள்ளையை எங்கே விடுவார்கள், காய்ச்சல் வந்தால் எங்கே போவார்கள் என்பதற்குப் பொறுப்பானவர் யார்? அரசே முன்னின்று, ஆலை முழுவீச்சில் ஓடத் தொடங்கும் முன்பே, உளுந்தூர்பேட்டையை ஒட்டி ஒரு துணைநகரம் அமைக்கவேண்டும். அந்த நகரில் குடியேறுபவர் கையில் பட்டாவும் வாக்கும் இருக்கவேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

2. யாரும் திட்டமிடாவிட்டால் என்ன நடக்கும்

திட்டமிடாவிட்டாலும் ஊர் உண்டாகும். ஆலைக் கதவு திறந்த ஆறு மாதத்தில் அது முளைத்துவிடும். அப்படி முளைத்த ஊர்களை ஒரகடம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் யாரும் பார்க்கலாம்.

அங்கே நான் பார்த்த ஓர் அறையைச் சொல்கிறேன். பத்தடிக்குப் பத்தடி, மேலே தகரக் கூரை. ஆறு பெண்கள் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு தங்கியிருந்தார்கள். சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஓர் அடையாள அட்டையும் ஒரு துப்பட்டாவும். மூலையில் ஒற்றை பர்னர் அடுப்பு. வாசலில் பன்னிரண்டு பிளாஸ்டிக் குடங்கள். ஷிஃப்ட் முறை என்பதால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் படுப்பதில்லை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவள் படுக்கும் பாயில்தான் காலை ஷிஃப்டுக்குப் போனவள் படுத்திருந்தாள். அந்த வரிசையில் இருந்த எட்டு அறைக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறை. அதன் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் லாரி வரும். லாரி அதை எங்கே கொட்டுகிறது என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது. அந்தப் பெண்களில் இருவர் இந்த மாவட்டத்துக்காரர்கள். ஒருத்தி தியாகதுருகம் பக்கம், இன்னொருத்தி ரிஷிவந்தியம் பக்கம்.

வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. தன்னிடம் இருந்த நாலு சென்ட் நிலத்தில் அவருக்குத் தெரிந்ததை அவர் கட்டினார். சாலை போடும்போது சாக்கடையும், ஆலைக்கு அனுமதி கொடுக்கும்போது குடியிருப்பும் யோசிக்கப்படவில்லை. தவறு அங்கேதான் தொடங்கியது.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் விடுதிச் சாப்பாட்டால் பெண் தொழிலாளர்கள் பலர் நோயுற்றார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். நாடு முழுவதும் அந்தச் செய்தி பேசப்பட்டது. அதன் பிறகு வந்த ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்லவேண்டும். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் நிறுவனமே 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் அதைத் திறந்துவைத்தார். தொழிலாளர் தங்குமிடம் அரசின் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டது பெரிய முன்னேற்றம். அதை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனாலும் விடுதி என்பது பத்தொன்பது வயதுக்கும் இருபத்து மூன்று வயதுக்கும் இடையிலான ஏற்பாடு. கல்யாணம் ஆனால் விடுதியில் இடமில்லை. குழந்தை பிறந்தால் வேலையும் இல்லை. கைத்தொழில் நன்றாகப் படிந்து, சூப்பர்வைசராக உயர வேண்டிய வயதில் அந்தப் பெண் ஊருக்குத் திரும்பிவிடுகிறாள். முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. குழந்தை இரவு தூங்க ஒரு வீடு பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தக் காப்பகம் யாருக்குப் பயன்படும்? படுக்கை தருவதோடு நின்றுவிடாமல் வீடு தருவதுவரை அரசு போகவேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

3. நெய்வேலியிடம் கற்க வேண்டியவை

துணைநகரம் என்றதும் நம் பக்கத்து மக்களுக்கு நினைவுக்கு வருவது நெய்வேலி. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட கையோடு நகரியமும் திட்டமிடப்பட்டது. வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகள், இருபுறமும் மரம் நின்ற அகலச் சாலைகள், பள்ளிகள், பெரிய மருத்துவமனை, விளையாட்டு மைதானங்கள். ஒரு குழந்தை பெரிய சாலையைக் கடக்காமல் நடந்தே பள்ளிக்குப் போகலாம். எழுபது ஆண்டுகள் கழித்தும் நெய்வேலிச் சாலைகளில் நிழல் இருக்கிறது. நகரமைப்பு படிக்கும் மாணவர்களை அங்கே கட்டாயம் அழைத்துப் போகவேண்டும்.

அதே நெய்வேலியில் வேறு இரண்டு பாடங்களும் இருக்கின்றன. வீடு நிறுவனத்துக்குச் சொந்தம். முப்பத்தைந்து ஆண்டு உழைத்தவர் ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த தெருவில் அவருக்கு ஒரு சதுர அடி கிடையாது. அதனால்தான் ஓய்வு பெற்றவர்கள் நகரியத்துக்கு வெளியேயும் வடலூரிலும் மனை வாங்கிக் குடியேறினார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு நகரியத்துக்குள் இடமே கிடைக்கவில்லை.

இரண்டாவது பாடம் நிலம் கொடுத்தவர்களைப் பற்றியது. சுரங்கத்துக்காக ஊரை விட்டவர்களின் வாரிசுகள் நிரந்தர வேலை கேட்டு இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்துக்காக முன்பே கையகப்படுத்திய நிலத்தில் நெற்பயிர் நின்றுகொண்டிருந்தபோது கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. பயிர் புரண்டு கிடந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து விவசாயிகள் அல்லாதவர்களும் கலங்கினார்கள். நிலத்தை எடுத்த நாளுக்கும் பயன்படுத்திய நாளுக்கும் இடையே பல ஆண்டு இடைவெளி விட்டதன் விளைவு அது. காகிதத்தில் நிலம் போய்விட்டது; வாழ்க்கையில் போகவில்லை.

4. வாக்கில்லாத ஊர் வேண்டாம்

இந்திய அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கவேண்டும் என்று அது உறுதி செய்தது. ஆனால் அதன் 243-கியூ பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு தொழில் நிறுவனம் குடிமைச் சேவைகளை வழங்குகிறது அல்லது வழங்க முன்வருகிறது என்றால், அந்தப் பகுதியைத் தொழில் நகரியம் என்று ஆளுநர் அறிவித்து நகராட்சி அமைக்காமல் விடலாம்.

இந்த விலக்கின் விளைவைப் பார்க்க ஜாம்ஷெட்பூர் போகலாம். 1907-இல் டாடா இரும்பு நிறுவனம் தொடங்கி, சாக்சியில் எழுந்த நகரம் அது. குடிநீர், சாலை, பூங்கா எல்லாம் நாட்டில் பல நகரங்கள் பொறாமைப்படும் தரத்தில் இருக்கின்றன. நிறுவனம் அதற்கான பெருமைக்கு உரியதே. ஆனால் அந்த நகரின் மையப்பகுதி மக்கள் நூறாண்டு கடந்தும் தங்கள் நகரமன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கவில்லை. அதற்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயின.

குழாயில் தண்ணீர் வந்தால் போதாதா, கவுன்சிலர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குழாயில் தண்ணீர் வராத அன்று அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். கவுன்சிலர் வீட்டு வாசலில் குடத்தோடு நிற்கலாம். அடுத்த தேர்தலில் அவரை மாற்றலாம். நிறுவனத்தின் குடியிருப்பு அலுவலரை அப்படி மாற்ற முடியாது. அவரிடம் புகார் சொல்கிறவர் அதே நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவராக இருந்தால், புகாரே எழாது.

இந்த மாவட்டத்துக்கு இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கல்வராயன் மலை பல தலைமுறையாக ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்றபோது மலைக்கு விடுதலை வரவில்லை. மலையாளி பழங்குடி மக்கள் ஜாகிர்தாருக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள், தாங்கள் உழுத நிலத்துக்குத் தங்கள் பெயரில் காகிதம் இல்லாமல் வாழ்ந்தார்கள். 1976-இல்தான் மலை அரசின் நிர்வாகத்துக்கு வந்தது. இந்த அவையில் இருக்கும் மலைப்பகுதிப் பெரியவர்கள் அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்.

வீடும் வேலையும் தண்ணீரும் ஒரே கையில் இருந்து, அந்தக் கையைக் கேள்வி கேட்க வழியில்லாமல் போனால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை இந்த மாவட்டம் அனுபவித்து அறிந்திருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் புதிதாக எழும் நகரம், ஆலை எவ்வளவு நல்ல ஆலையாக இருந்தாலும், அந்த ஆலையின் நகரமாக இருக்கக்கூடாது. முதல் வீட்டில் விளக்கேற்றும்போதே அது உளுந்தூர்பேட்டை நகராட்சியின் வார்டாகவோ தனிப் பேரூராட்சியாகவோ இருக்கவேண்டும். 243-கியூ பிரிவின் விலக்கை இங்கே பயன்படுத்துவதில்லை என்று அரசு தொடக்கத்திலேயே அறிவிக்கவேண்டும்.

5. ஒரே ஆலையை நம்பக்கூடாது

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1980-இல் உருவாக்கிய மறைமலைநகரை எடுத்துக்கொள்வோம். முதல் பதினைந்து ஆண்டு அங்கே மனைகள் இருந்தன, மக்கள் போதவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஃபோர்டு கார் ஆலை வந்த பிறகு ஊருக்கு உயிர் வந்தது. 2021-இல் அந்த நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-இல் ஆலையும் நின்றது. வேலை இழந்தவர்களின் துயரம் பெரிது. ஆனாலும் மறைமலைநகர் காலியாகவில்லை. ரயில் நிலையம் இருந்தது, தேசிய நெடுஞ்சாலை இருந்தது, சுற்றிலும் வேறு தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் இருந்தன, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி இருந்தது. மனை வாங்கிக் கட்டிய வீடு என்பதால், வேலை போனாலும் கூரை போகவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது வாடகை அறைகளில் இருந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

உளுந்தூர்பேட்டைக்கு இருப்பிடம் ஒரு பெரிய பலம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் சேலம் சாலையும் அங்கே சந்திக்கின்றன. விழுப்புரம்–விருத்தாசலம் ரயில் பாதை அதன் வழியாகப் போகிறது. ஆசனூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. ஆகவே துணைநகரம் சிப்காட்டின் மதில் ஓரத்தில் முடங்காமல், பழைய ஊரோடும் பேருந்து நிலையத்தோடும் ரயில் நிலையத்தோடும் இணைந்த இடத்தில் அமையவேண்டும். பழைய கடைத்தெரு வணிகருக்கும் அதனால் வியாபாரம் பெருகும். புதிதாக வருபவருக்கும் முதல் நாளே சந்தை, மருந்துக்கடை, வங்கி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் கிடைக்கும்.

6. நிலம் கொடுப்பவர் யார்

அளவைப் பார்ப்போம். 20,000 வேலைகளில் பாதி, சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கு என்று வைத்துக்கொள்வோம். மீதிப் பத்தாயிரம் பேர் குடும்பமாகக் குடியேறினால், வீட்டுக்கு நான்கு பேர் வீதம் 40,000 பேர். ஹெக்டேருக்கு 125 பேர் என்று விசாலமாகவே வைத்தாலும் 320 ஹெக்டேர், அதாவது 800 ஏக்கருக்குள் அடங்கும். அரசுத் திட்டங்களுக்கு இது பெரிய பரப்பு அல்ல. ஆனால் அந்த 800 ஏக்கரும் யாரோ ஒருவருடைய சோறு.

தொழில் தேவைக்கான நிலத்தைத் தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்படி எடுத்துவருகிறது. 2013-இல் நாடாளுமன்றம் புதிய நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்த பிறகு, மாநிலச் சட்டம் செல்லுமா என்ற வழக்கு வந்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் மீட்புச் சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் செல்லும் என்பதோடு வேலை முடிந்துவிடவில்லை. மனிதரை எப்படி நடத்துகிறோம் என்பது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒரு மானாவாரி நிலத்தின் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா இறந்து நாற்பது ஆண்டு ஆகியிருக்கும். வாய்மொழியாகப் பாகம் பிரித்து மூன்று மகன்களும் பயிர் செய்வார்கள். கட்டிக்கொடுத்த மகள்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஒரு மகன் தன் பாகத்தை வாரத்துக்கு விட்டுவிட்டுத் திருப்பூர் போயிருப்பார். நோட்டீஸ் வரும்போது யார் பெயருக்கு வருவது? இழப்பீடு நீதிமன்ற வைப்புக்குப் போய்விடும். குடும்பம் வழக்குக்கு அலையும். வாரத்துக்குப் பயிர் செய்தவரும், களையெடுத்துக் கூலி வாங்கிய பெண்ணும் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். மூன்றாண்டு அந்த நிலத்தில் பாடுபட்டு, அதையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்ட வாரக்காரரையும் கூலித் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. அந்த வரையறையை உளுந்தூர்பேட்டையில் எழுத்துக்கு எழுத்து பின்பற்றவேண்டும். நில எடுப்பு அறிவிப்புக்கு முன்பாகவே ஊர் ஊராக முகாம் போட்டு வாரிசுச் சான்றையும் பட்டா மாற்றத்தையும் முடிக்கவேண்டும்.

பணம் மட்டும் கொடுத்து அனுப்புவதைவிட மேலான வழி நிலத் திரட்டு. நிலத்தைக் கொடுத்தவருக்கு, சாலையும் சாக்கடையும் போட்ட மனையில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது. ஆந்திராவின் அமராவதியில் 2015-இல் இந்த முறையில் 33,000 ஏக்கருக்கும் மேல் விவசாயிகள் தாமாகக் கொடுத்தார்கள். மனையும் பத்தாண்டு ஆண்டுத்தொகையும் வாக்களிக்கப்பட்டன. 2019-இல் ஆட்சி மாறியது, பணி நின்றது, விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்குக் கிடைத்தது மாத ஓய்வூதியம் மட்டும். முறை நல்லது, உறுதிதான் போதவில்லை. ஆகவே இங்கே நிலம் கொடுப்பவருக்குத் திரும்பி வரவேண்டிய மனை, நிலத்தை ஒப்படைக்கும் அன்றே சர்வே எண்ணோடு பத்திரமாகப் பதிவாகவேண்டும். நிலமற்ற குடும்பத்துக்கு வீடும், வீட்டில் ஒருவருக்கு நகரின் பராமரிப்பில் நிரந்தர வேலையும் அந்தப் பத்திரத்திலேயே இருக்கவேண்டும்.

7. ஏரியை முதலில் வரையுங்கள்

எங்கள் துறையில் வழக்கமாக முதலில் சாலையை வரைவார்கள். பிறகு மனை, பிறகு பூங்கா. கிராம வரைபடத்தில் கிடக்கும் ஓடையும் வாய்க்காலும் கடைசியில், இடைஞ்சலாக, நினைவுக்கு வரும். உளுந்தூர்பேட்டையில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

இந்தப் பகுதி ஏரிப் பாசன பூமி. மழை நாளில் ஓர் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்து, ஓடையில் இறங்கி, அடுத்த ஏரிக்குப் போகும். நம் முன்னோர் மேட்டையும் பள்ளத்தையும் பார்த்து அமைத்த தொடர் அது. அதில் ஓர் ஓடையை லே-அவுட்டுக்காக அடைத்தால், கீழே மூன்று ஏரி வறண்டுபோகும், மேலே உள்ள தெரு மூழ்கிப்போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, திருக்கோவிலூர்ப் பக்கம் தண்ணீர் எங்கெல்லாம் ஏறியது என்று நாம் பார்த்தோம். தண்ணீருக்குத் தன் பழைய வழி மறப்பதில்லை.

ஆகவே திட்டத்தின் முதல் தாளில் ஏரி, ஓடை, வாய்க்கால், கலங்கல் மட்டும் இருக்கவேண்டும். அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் நீர்நிலைப் புறம்போக்கு என்று உள்ள ஒவ்வொரு துண்டும், இரு கரையிலும் போதிய இடம் விட்டு, முதலிலேயே வேலி கட்டப்பட்டதுபோல ஒதுக்கப்படவேண்டும். மீதி இடத்தில்தான் நகரம்.

குடிநீர்க் கணக்கு இது. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நடைமுறை அளவு. 40,000 பேருக்கு 54 லட்சம் லிட்டர். அதில் எண்பது விழுக்காடு, சுமார் 43 லட்சம் லிட்டர், கழிவுநீராகத் திரும்பி வரும். அந்த 54 லட்சம் லிட்டரை விவசாயக் கிணறுகளின் ஊற்றிலிருந்து உறிஞ்சினால், சுற்றியுள்ள கரும்பும் நெல்லும் இரண்டே கோடையில் படுத்துவிடும். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் அது ஓடை வழியாக ஏரியில் கலக்கும். ஆகவே குடிநீர் ஆதாரம் உறுதியாகி, சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கிய பிறகே முதல் வீட்டின் சாவி கொடுக்கப்படவேண்டும். சுத்திகரித்த நீரைக் கழிப்பறைக்கும் மரங்களுக்கும் ஆலைக்கும் கொடுத்துவிட்டால், நல்ல தண்ணீரின் தேவை பாதியாகக்கூடக் குறையும்.

8. மலையிலிருந்து வருகிறவர்கள்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் துயரத்தை இந்த அவையில் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. இங்கே இருப்பவர்களில் உறவை இழந்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதார நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பள்ளி, ஆம்புலன்ஸ், பிழைப்பு என்று எத்தனை பற்றாக்குறைகள் மலையில் இருக்கின்றன என்பது நீதிமன்றத்தில் பேசப்பட்டது. சாராயத்தை ஒழிக்க போலீஸ் போதாது, வேறு பிழைப்பு வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

சாமையும் மரவள்ளியும் விளைகிற, கடுக்காயும் தேனும் கிடைக்கிற மலை அது. ஆனால் விளைந்ததைக் கீழே கொண்டுவரும் செலவு போக, கையில் நிற்பது கொஞ்சம். அறுவடை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கேரளத்துக்கு மிளகு பறிக்கவும், கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் போகிறார்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் சில நேரம் கூடவே போய்விடுகிறது. படிப்பு அங்கேயே அறுந்துபோகிறது.

வெள்ளிமலையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்கு உளுந்தூர்பேட்டை ஆலையில் வேலை கிடைத்தால், கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை வழியாகப் போய்ச் சேரவேண்டும். நாள்தோறும் போய்த் திரும்பக்கூடிய தூரம் அல்ல. அவளுக்குத் தங்க நல்ல இடமும், சனிக்கிழமை மாலை மலையேறி ஞாயிறு இரவு இறங்க நேரடிப் பேருந்தும் இருந்தால்தான் அந்த வேலை அவளுடையது. தமிழ்நாடு அரசு நடத்தும் தோழி விடுதி முறையை இங்கே விரிவாக்கி, மலைப் பெண்களுக்கு ஒரு பகுதியை ஒதுக்கவேண்டும். சில ஆண்டு வேலை செய்த பிறகு வீடு வாங்க விரும்பினால், தவணை முறையில் அவள் பெயரிலேயே பத்திரம் எழுதித் தரவேண்டும்.

இதோடு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கீழே நகரம் இருக்கிறதே என்று காரணம் காட்டி மலையைக் காலி செய்யும் வேலை நடந்துவிடக்கூடாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மலை மக்களுக்கு உரிய தனிநபர் பட்டாவும் சமூக உரிமையும் முழுமையாக வழங்கப்படவேண்டும். தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே அத்தகைய பகுதிகளின் பழங்குடிக் கிராமசபைகளுக்கு உள்ள சிறப்பு அதிகாரம் நம் மலைக்குக் கிடையாது. அந்தப் பாதுகாப்பு இல்லாத மக்களிடம் அரசு இரட்டைக் கவனத்தோடு நடந்துகொள்ளவேண்டும். மலையில் நிலமும் வீடும், கீழே வேலையும் தங்குமிடமும் என்று இரண்டும் ஒரு குடும்பத்துக்கு இருக்கலாம். எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

9. யார் செய்வது

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமே புதுநகர் வளர்ச்சிக் குழுமம் அமைக்க வழி தந்திருக்கிறது. புதிய சட்டம் தேவையில்லை. இன்றைக்கு சிப்காட் ஆலையைப் பார்க்கிறது, வீட்டுவசதி வாரியம் வீட்டைப் பார்க்கிறது, நகராட்சி குப்பையைப் பார்க்கிறது, பொதுப்பணித்துறையும் நீர்வளத்துறையும் தத்தம் வேலையைப் பார்க்கின்றன. முழு ஊரையும் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. உளுந்தூர்பேட்டைக்கு ஒரு குழுமம் அமைத்து, ஒரே திட்டம், ஒரே கணக்கு, ஒரே பொறுப்பு என்று ஆக்கவேண்டும். அந்தக் குழுமத்தில் நிலம் கொடுத்த ஊர்களின் ஊராட்சித் தலைவர்களும், பெண் தொழிலாளர் பிரதிநிதியும், கல்வராயன் மலைப் பகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் வாக்குரிமையோடு உட்காரவேண்டும். பத்தாண்டு முடிந்ததும் குழுமம் தன் அதிகாரங்களை எல்லாம் நகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டுக் கலைந்துவிட வேண்டும் என்பது தொடக்க அரசாணையிலேயே எழுதப்படவேண்டும்.

2025 மார்ச்சில் வந்த மாநில நிதிநிலை அறிக்கையில், சென்னைக்கு அருகே 2,000 ஏக்கரில் ஓர் உலகளாவிய நகரம் அமைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. தலைநகர் அருகே புதுநகர் அமைக்க முன்வந்த அரசால், அதில் பாதிக்கும் குறைவான நிலத்தில், தலைநகரிலிருந்து தொலைவில் உள்ள ஒரு பின்தங்கிய மாவட்டத்துக்குத் தொழிலாளர் நகரம் ஒன்றைக் கட்டாயம் அமைக்க முடியும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்க் கிராம வரைபடத்தை எடுத்து, ஏரியையும் ஓடையையும் நடந்து பார்த்துக் குறியுங்கள். பட்டா யார் பெயரில், பயிர் செய்வது யார், கூலிக்கு வருவது யார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். திட்ட வரைவு வெளியாகும்போது ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்கச் சட்டப்படி பொதுமக்களுக்குக் காலக்கெடு கொடுப்பார்கள். பெரும்பாலும் அந்தக் காலக்கெடு யாரும் எழுதாமலே முடிந்துவிடும். இந்த முறை அப்படி முடியக்கூடாது. உங்கள் கையில் கணக்கு இருந்தால் அரசு கேட்கும். கேட்காவிட்டால் கேட்க வைக்கலாம்.

இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் வேலைக்காக வெளியூரில் அறை தேடி அலைந்தது போதும். அவர்களுக்கு இங்கேயே வேலை வருகிறது. அந்த வேலையோடு ஒரு வீடும், அந்த வீட்டுக்கு ஒரு பட்டாவும், அந்த ஊரை ஆள ஒரு வாக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். கொடுக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.